கணவாய்ச் சாலையில் ஒரு முழு நாள் குழு சைக்கிள் ரைடு: ஏற்றத்தில் சேர்ந்தே போவதா, அவரவர் வேகத்திலா?

#1 நெடுவழி

வணக்கம் நண்பர்களே. எங்கள் குழுவில் ஒன்பது பேர். சமவெளியில் வரிசை போட்டு ஓட்டிப் பழகியவர்கள், 100 கிலோமீட்டர் யாருக்கும் புதிதில்லை. இப்போது முதல்முறையாக மலையில் ஒரு முழு நாள் சுற்று போடுகிறோம். மொத்தம் 140 கிலோமீட்டர், இரண்டு கணவாய்கள். முதல் கணவாய்க்கு 1200 மீட்டர் ஏற்றம், இரண்டாவதற்கு 1100. நடுவிலும் கடைசியிலும் ஆற்றோரமாக நீளும் பள்ளத்தாக்குச் சாலை. அங்கங்கே வரும் சின்ன மேடுகளையும் சேர்த்தால் 2500 மீட்டர் ஆகிறது.

எங்களுக்குள் வேக வித்தியாசம் நன்றாகவே உண்டு. சேர்ந்து புறப்பட்டால் சேர்ந்தே ஏற வேண்டும், கடைசி ஆளின் வேகம்தான் எல்லாருடைய வேகமும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் கூடுவோம் என்கிறார்கள். என் மனம் முதல் பக்கம்தான். பிரிந்து பிரிந்து ஓட்டுவதற்குக் குழு எதற்கு? மலையில் நீண்ட ரைடு போனவர்கள் சொல்லுங்கள்.

#2 சரிவுமானி

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். சமவெளியில் மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும்போது கால்கள் தரும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் அவ்வளவு சுகமாக இருப்பது அதனால்தான்.

அதே ஆள் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற ஏறக்குறைய 190 வாட் வேண்டும். அதில் 174 வாட் எடையை மேலே தூக்க. டயர் உருள்வதற்கு 11. காற்றுக்கு மிஞ்சிப்போனால் 5. அந்த ஐந்தில் பாதியை முன்னால் போகிறவர் மிச்சப்படுத்திக் கொடுத்தாலும் உங்கள் கால்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்படியென்றால் ஏற்றத்தில் ஒட்டிப் போவதால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. வேகமான ஆளுக்கு மெதுவாக மிதிப்பது சலிப்பு. மெதுவான ஆளுக்குத் தன் அளவைத் தாண்டி மிதிக்கும் ஆபத்து. பிரிந்து ஏறுங்கள்.

#3 மெல்லமெல்ல

எங்கள் குழுவில் கடைசியாக ஏறுகிறவள் நான், அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். பக்கத்தில் ஒருவர் எனக்காக வேகத்தைக் குறைத்து வருகிறார் என்று தெரிந்தாலே கால் தானாக அழுத்தும். அவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற எண்ணம்தான். அவர் பேச்சுக் கொடுப்பார், பதில் சொல்ல மூச்சு வேண்டும். அது ஒரு தனிச் சுமை. என் வேகத்தில் விட்டுவிட்டால் எந்தக் கணவாயையும் ஏறிவிடுவேன்.

ஆனால் சரிவுமானி சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது. பிரிந்து ஏறுவது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு. எங்கே காத்திருப்பார்கள் என்று தெரிந்தால் தனியாக ஏறுவது ஆனந்தம். தெரியாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் யாராவது நிற்கிறார்களா என்று கண் தேடும், மலையைப் பார்க்கவே மனம் வராது. இன்னொன்று: மேலே ஒரு மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறியவர்கள், நான் போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டீங்களா, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிற ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. குழு நடத்துகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் ஓய்வு நேரத்தை எண்ண வேண்டும்.

#4 நெடுவழி

#3-க்கு நன்றி. அந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம். உச்சியில் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் சரி.

#5 கடைசிவண்டி

பத்துப் பதினைந்தில் முடியாது. மலையில் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுவார் என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள். பழகிய பொழுதுபோக்கு ரைடர்களுக்கு அது பெரும்பாலும் 500-க்கும் 800-க்கும் நடுவில் இருக்கும். உங்கள் முதல் கணவாய் 1200 மீட்டர். 800 ஏறுகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் மேலே நிற்பார். 500 ஏறுகிறவருக்கு 2 மணி 24 நிமிடம். இடைவெளி 54 நிமிடம். ஒரே ஒரு கணவாயில்!

வியர்வையில் நனைந்த உடுப்போடு உச்சிக் காற்றில் 54 நிமிடம் நிற்க முடியாது. அதனால் நாங்கள் செய்வது இது. மெதுவாக ஏறுகிறவர்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே புறப்படுவார்கள். வேகமானவர்கள் பின்னால் வந்து வழியில் அவர்களைப் பிடிப்பார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே எல்லாரும் ஒன்றாகிவிடுவோம். இதில் இன்னொரு நல்லதும் உண்டு: கடைசி ஆள் என்று ஒருவர் தனியாகப் பின்தங்குவதே இல்லை, அவருக்குப் பின்னால் எப்போதும் ஆள் வந்துகொண்டிருக்கும்.

கூடும் இடம் உச்சிப் பலகையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காற்று மறைவு, தண்ணீர், சாலையைவிட்டு விலகி ஒன்பது சைக்கிளும் நிற்க இடம், இந்த மூன்றும் எங்கே இருக்கிறதோ அங்கே கூடுங்கள். படம் எடுக்க உச்சிக்குப் போய்க்கொள்ளலாம்.

கடைசியாக வரும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். ஏறுவதில் வலுவானவராக அவர் இருப்பது நல்லது, ஏனென்றால் நின்று பஞ்சர் ஒட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி எட்டிப் பிடிக்கத் தெம்பு வேண்டும். முதலுதவிப் பை, செயின் கழற்றும் கருவி, உபரி டியூப் எல்லாம் அவரிடம். எந்தக் காரணத்துக்காகவும் அவர் யாரையும் முந்தக் கூடாது. சாலை பிரிகிற இடங்களில், முதலில் வருகிறவர் அங்கேயே நின்று வழி காட்டுவார், கடைசி ஆள் வந்ததும் சேர்ந்து கிளம்புவார். போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் இந்த முறை எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

முழு நாளுக்கும் கணக்கு போட்டால், 500 ஏறுகிறவருக்கு இரண்டு கணவாயும் சேர்த்து ஏறத்தாழ நாலரை மணி நேரம். இறக்கங்களுக்கு ஒன்று. பள்ளத்தாக்குச் சாலைக்கும் மேடுகளுக்கும் நாலு. நிற்பதற்கு இரண்டு. பதினொன்றரை மணி நேரம் ஆகிறது. பயப்பட வேண்டாம், 200 கிலோமீட்டர் பிரவேக்கே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆனால் விடிந்ததும் சைக்கிள் மேல் இருக்க வேண்டும்.

#6 பல்சக்கரம்

யாரும் கியர் பற்றிப் பேசவில்லை. ஒன்பது பேரின் சைக்கிளிலும் மிகச் சின்ன முன் பல்சக்கரத்திலும் மிகப் பெரிய பின் பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்று முதலில் எழுதி வாங்குங்கள். சமவெளிக் குழுவில் இதுதான் வழக்கமாகக் கவனிக்காமல் விடப்படுவது.

முன்னால் 39 பல், பின்னால் 25 பல் இருக்கிறவர் மணிக்கு 8.8 கிலோமீட்டரில் ஏறினால் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் அதே வேகத்துக்கு 70 சுற்று வரும். வேகம் ஒன்றுதான், ஆனால் மாலையில் ஒருவர் பேசிக்கொண்டே ஓட்டுவார், மற்றவர் ஒவ்வொரு மேட்டுக்கும் பல்லைக் கடிப்பார். 2500 மீட்டர் நாளில் மிதிக்க லேசான கியர் வைத்துக்கொள்வதைப் பலவீனம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது பழைய வியாதி. நெடுந்தூர ரைடின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் வெலோசியோ (இயற்பெயர் பால் தெ விவி, 1853-1930) பல கியர்களுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். டூர் த பிரான்ஸ் பந்தயமோ மலைகளுக்குள் போன பிறகும் டிரெய்லியரை (ஓட்டும்போதே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 1937 வரை அனுமதிக்கவில்லை. அதுவரை பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) மாற்றும்போது பின் டிரெய்லியர் அந்தப் பெரிய பல்சக்கரத்தை ஏற்குமா, செயின் நீளம் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரைடுக்கு முந்தைய நாள் மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு ஒரு முறையாவது ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

#7 புதுச்செயின்

என்னிடம் 34-28 இருக்கிறது. போதுமா?

#8 பல்சக்கரம்

70 சுற்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 10.7 கிலோமீட்டர். 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தை ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்க முடிந்தால் போதும். முடியாது என்று தோன்றினால் 32 அல்லது 34 போடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

#9 வளைவுநோக்கி

இதுவரை எல்லாரும் ஏறுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு உண்மையாகவே கவலை இறக்கத்தில்தான். ஏற்றத்தில் சேர்ந்து போவதால் பயனில்லை என்றால், இறக்கத்தில் சேர்ந்து போவது ஆபத்து. சமவெளிக் குழு மலைக்கு வரும்போது அந்த ஒட்டிப் போகும் பழக்கத்தையும் கூடவே எடுத்து வருகிறது. முன் சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளியோடு கொண்டை ஊசி வளைவுக்குள் இறங்கினால், முன்னால் ஒருவர் சரளைக் கல்லைப் பார்த்து பிரேக் பிடித்ததும் பின்னால் இருப்பவருக்கு எதுவும் செய்ய நேரமிருக்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நாலு மடங்கு. இறக்கத்தில் ஆளுக்கு ஆள் குறைந்தது மூன்று, நான்கு வினாடி இடைவெளி, ஈரமென்றால் இன்னும் அதிகம். யாரையும் வளைவின் உள்பக்கமாக முந்தவே கூடாது.

பிரேக் பற்றி ஒரு விஷயம். பயந்தவர்கள் முழு இறக்கத்திலும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். அதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். 80 கிலோ எடை, 8 சதவீத சரிவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் போனால் காற்றே ஏறக்குறைய முழு வேகத்தையும் தாங்கிவிடுகிறது, பிரேக்குக்கு வேலை குறைவு. மிக மெதுவாக இறங்கினாலும் ஒரு வினாடியில் உண்டாகும் சூடு குறைவு. நடுவில், மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி விடாமல் பிடித்துக்கொண்டே வருவதில்தான் சூடு அதிகபட்சம் ஏறுகிறது, தொடர்ந்து 350 வாட்டுக்கு மேல். 1000 மீட்டர் இறக்கம் முழுக்க இப்படி வந்தால் ரிம் பிரேக்கில் (சக்கர விளிம்பையே பிடிக்கும் வகை) ரிம்மே கொதிக்கும், டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

நேரான பகுதியில் பிரேக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள், காற்று பிடிக்கட்டும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு விட்டுவிட்டு வளையுங்கள். கண் முன்சக்கரத்தில் நிற்கக் கூடாது, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே போக வேண்டும். பெடலில் வெளிக்கால் கீழே, உள்கால் மேலே. கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்தால் பிரேக்குக்கு விரல் நன்றாக எட்டும்.

#10 சரிவுமானி

டிஸ்க் பிரேக் வந்த பிறகும் இவ்வளவு பயம் தேவையா? எங்கள் குழுவில் எல்லாருக்கும் டிஸ்க்தான்.

#11 வளைவுநோக்கி

டிஸ்க்கில் சூடு ரிம்முக்கும் டியூபுக்கும் போகாது, அது பெரிய நிம்மதி. ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் டிஸ்க் தட்டும் பிரேக் பேடும் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு குறையும். பேட் தேய்ந்திருந்தால் அந்தக் கட்டம் சீக்கிரமே வரும். அப்புறம் டயர் சாலையைப் பிடிப்பது பிரேக் எந்த வகை என்பதைப் பொறுத்ததில்லை. கிளம்புவதற்கு முன் பேட்களைப் பாருங்கள். முறை ஒன்றுதான்.

#12 தூறல்

மேலே நிற்பது பற்றிக் கடைசிவண்டி சொன்னதோடு சேர்த்து: ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 22 டிகிரி என்றால் 1200 மீட்டர் ஏறியதும் 14. இறங்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று மேலே விழும். 10 டிகிரி இருந்தால் அது உடம்புக்கு 5 டிகிரி போல இருக்கும். கை விறைத்தால் பிரேக் பிடிக்க விரல் மடங்காது. அந்தக் காலப் பந்தயக்காரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள். நெஞ்சில் காற்று படாமல் தடுத்தாலே போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் ஒன்பது பேரிடமும் இருக்க வேண்டும். வெயில் அடிக்கிறது என்று யாராவது விட்டுவிட்டு வந்தால் திருப்பி அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் மலையில் இடி மேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். இரண்டாவது கணவாயை மதியம் தாண்டிவிட்டுத்தான் ஏறப்போகிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மேலே போகாதீர்கள், கட்டடம் எதுவும் பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்விடுங்கள். திரும்பிப் போக எந்த இடம் கடைசி வாய்ப்பு என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வையுங்கள். அந்த முடிவை எடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். ஒன்பது பேரும் அங்கே நின்று வாக்களித்துக் கொண்டிருக்கக் கூடாது.

#13 பனிமுகடு

எல்லாரும் கணக்கும் எச்சரிக்கையுமாக எழுதியிருக்கிறீர்கள், அத்தனையும் வேண்டியதுதான். நான் இந்த நாளின் இன்பத்தைப் பற்றிச் சொல்லவே வந்தேன்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைப் பிராட்டோ பக்கமிருந்து குழுவாக ஏறினோம். 24 கிலோமீட்டர், 1800 மீட்டர் ஏற்றம், உச்சி 2757 மீட்டர். 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. கீழே 48-இல் தொடங்கி இறங்குமுகமாக எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். அந்தச் சாலையை 1820-க்கும் 1825-க்கும் நடுவில் ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் கட்டினார். குதிரை வண்டிகள் ஏற வேண்டும் என்பதால் சரிவை ஏறக்குறைய ஒரே சீராக வைத்தார். இருநூறு ஆண்டு கழித்து அந்தச் சீர்மையின் பலனை நம் கால்கள் அனுபவிக்கின்றன. ஒரு தாளம் பிடித்துவிட்டால் அதையே மேலே வரை வைத்துக்கொள்ளலாம்.

அடிவாரத்தில் ஒன்றாகக் கிளம்பி, மரங்களுக்குள் அரை மணி நேரத்தில் பிரிந்துவிட்டோம். த்ராஃபோய் கிராமத்தைத் தாண்டியதும் ஆர்ட்லர் சிகரம் பனியோடு எழுந்து நிற்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அதைப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. யாருடைய சக்கரத்தையும் கவனிக்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மரங்கள் முடிந்த பிறகு சாலை முழுவதும் சுவரில் கட்டிய படிக்கட்டு மாதிரி மேலே தெரியும். அப்போதுதான் கவனித்தேன், எங்கள் குழு எங்கேயும் போய்விடவில்லை. மூன்று வளைவுக்கு மேலே ஒரு மஞ்சள் சட்டை, இரண்டு வளைவுக்குக் கீழே ஒரு சிவப்புச் சட்டை. ஒருவர் கையைத் தூக்கினால் எல்லாருக்கும் தெரியும். கிலோமீட்டர் கணக்கில் பிரிந்திருந்தோம், ஆனால் ஒரே மலைச்சுவரில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏறினோம். நெடுவழி, நீங்கள் தேடுகிற அந்தச் சேர்க்கை ஒட்டிப் போனால்தான் வரும் என்பதில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உங்கள் கணவாய்கள் அந்த உயரம் என்றால் கடைசி சில கிலோமீட்டருக்கு எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

#14 மெல்லமெல்ல

#13-ஐ எங்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

சாப்பாடு பற்றியும் ஒரு வரி: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது, முதல் மணி நேரத்திலிருந்தே. வயிறு பழகியவர்கள் 90 வரை போகலாம். பசித்த பிறகு தின்றால் இரண்டாவது கணவாயில் தெரியும். உச்சிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் மூச்சு வாங்குவதால் பலர் சாப்பிட மறந்துவிடுகிறார்கள், இறக்கத்தில் கை எடுக்க முடியாது. அடிவாரத்துக்கு வரும்போது ஒரு மணி நேரம் வெறும் வயிறு. கூடும் இடத்தில் சாப்பிட்டுவிட்டே இறங்குங்கள்.

#15 கடைசிவண்டி

நெடுவழி, ஒன்றை நான் விட்டுவிட்டேன். உங்கள் சுற்றின் கடைசிப் பகுதி பள்ளத்தாக்கில் கீழ்நோக்கிப் போகும் சாலைதானே? வெயில் நாளில் மலைச்சரிவுகள் சூடாகி, பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே வீசும். லேசான இறக்கம், சுலபமாக இருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்து நினைப்பீர்கள். ஆனால் ஒன்பது மணி நேரம் ஓட்டிய கால்களோடு நேரே எதிர்காற்றில் போக வேண்டியிருக்கும். அங்கேதான் உங்கள் வரிசை வேண்டும். சமவெளியில் பழகிய அந்த ஒழுங்கை முழுசாக அங்கே போடுங்கள். ஏற்றத்தில் வேகமாக ஏறியவர்கள் முன்னால் இழுக்கட்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம். மெதுவாக ஏறியவர்கள் நடுவில் மறைவாக இருக்கட்டும், முன்னால் வர வேண்டாம். அந்த 40 கிலோமீட்டரில் யாரையும் விடக் கூடாது. விட்டால் அவர் தனியாகக் காற்றோடு போராடி இருட்டில்தான் வருவார்.

#16 நெடுவழி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஒன்பது பேரும் கூடி இந்த இழையை முழுக்க வாசித்தோம். மாற்றிய திட்டம்:

நான்கு பேர் 5:30-க்குக் கிளம்புகிறார்கள், ஐந்து பேர் 6:15-க்கு. இரண்டு கணவாயிலும் அவரவர் வேகம். முதல் கணவாயில் உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழே ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறது, தண்ணீரும் உண்டு. கூடுவது அங்கே. கடைசி ஆள் உட்கார்ந்ததிலிருந்து 25 நிமிடம். இறக்கத்தில் நான்கு வினாடி இடைவெளி. இரண்டாவது கணவாயின் அடிவாரத்தில் 1 மணிக்கு வானத்தைப் பார்த்து முடிவு, அதை எடுப்பது எங்களில் மூத்த அக்கா. மேகம் திரண்டிருந்தால் பள்ளத்தாக்கு வழியாகவே திரும்பிவிடுவோம். கடைசி 40 கிலோமீட்டர் ஒரே வரிசை.

நான் கடைசி ஆளாக வருகிறேன். இரண்டு பேருக்கு 34 பல் கேசட் மாற்ற வேண்டியிருந்தது, இந்த வாரமே மாட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். பல்சக்கரம், ஒருவரின் டிரெய்லியர் 30 பல் வரைதான் ஏற்கும் என்கிறார்கள். அவருக்கு முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்க வழி உண்டா?

#17 பல்சக்கரம்

கிராங்கின் (பெடல் பொருந்தும் கை) மாடலையும் முன் பல்சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் எழுதுங்கள். 110 மில்லிமீட்டர் வகை என்றால் பெரும்பாலும் 34 போடலாம், 130 என்றால் 38-க்குக் கீழே போகாது. அப்படியானால் கிராங்கையே மாற்றுவதுதான் வழி. படம் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.